முப்பது வயதுக் காருக்கு ஒரு பிரேக் லைட் சுவிட்ச்

ஒரு காரின் விளக்குகளில் ஓட்டுபவர் கண்ணுக்கு எட்டாதது பிரேக் லைட். முகப்பு விளக்கு அணைந்தால் சாலை இருண்டுவிடும். இண்டிகேட்டர் பல்பு போனால் அதன் டிக் டிக் ஓசையே காட்டிக்கொடுத்துவிடும். பிரேக் லைட் எரியாமல் போனால் ஓட்டுபவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. வண்டி எப்போதும் போல நிற்கும், எப்போதும் போலப் புறப்படும். பழைய கார்களில் அந்த விளக்குக்குச் சேதி அனுப்புவது கட்டைவிரல் அளவுள்ள ஒரு சுவிட்ச். அது பழுதானால் எதைத் தேர்ந்தெடுத்துப் பொருத்துவது என்பது சுவிட்சர்லாந்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் இடையே ஓயாத விவாதம்.

அங்கே அது வெறும் பொழுதுபோக்கு விவாதமாக முடிந்துவிடுவதில்லை. முதல் பதிவுக்குப் பின் 30 ஆண்டு கடந்த கார், அசல் நிலை கெடாமலும் நல்ல இயங்குநிலையிலும் இருந்தால், அதற்கு ‘வெட்டரன்’ தகுதி கிடைக்கும். வண்டியின் பதிவுச் சான்றில் 180 என்ற எண் ஏறும். அதன் பிறகு, சாதாரணப் பழைய காரைப் போல 2 ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு ஓட வேண்டாம். 6 ஆண்டுக்கு ஒருமுறை போதும். எம்.எஃப்.கா என்று மக்கள் சுருக்கமாக அழைக்கும் மாநில வாகனச் சோதனை நிலையத்தின் பரிசோதகர் இரண்டு விஷயங்களைப் பார்ப்பார்: வண்டி பாதுகாப்பானதா, அசலானதா. பிரேக் லைட் சுவிட்ச் இந்த இரண்டு கேள்விகளும் மோதிக்கொள்ளும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பழைய கார் மீது சுவிஸ் மக்களுக்கு இருக்கும் பற்றுக்கு ஒரு தொழில் வரலாறும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1936இல் பீல் நகரில் ஒரு தொழிற்சாலை திறந்தது. அங்கே முதலில் பூட்டப்பட்டவை பியூக் கார்கள். பிறகு ஓப்பல், வாக்ஸ்ஹால், செவ்ரோலே என்று 1975 வரை வேலை நடந்தது. ஆர்காவ் மாநிலத்தின் ஷின்ட்ஸ்நாக்-பாட் என்ற சிற்றூரில் ஆமாக் நிறுவனம் 1949 முதல் 1972 வரை பிளிமத், டாட்ஜ் முதலிய கிரைஸ்லர் குழும வண்டிகளைப் பூட்டியது. லூட்சர்ன் மாநிலத்தின் ஷூப்ஃபைம் ஊரில் என்ஸ்மான் 506 என்ற திறந்த கார், ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தளத்தில் ஃபைபர் உடலுடன் சுமார் 100 மட்டும் செய்யப்பட்டது. 506 என்பது 1957 பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அதற்குக் கிடைத்த அரங்கு எண்! அமெரிக்க, பிரிட்டிஷ், ஜெர்மன் வார்ப்புகள் இப்படி ஒரே சிறிய நாட்டில் கலந்து கிடப்பதால், ‘எந்தச் சுவிட்ச்’ என்ற கேள்விக்கு அங்கே ஒற்றை விடை கிடையாது.

முதலில் ஹைட்ராலிக் பிரேக்கைப் பார்த்துவிடலாம். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன் நகர்ந்து, குழாய்களில் நிறைந்திருக்கும் பிரேக் ஆயிலை அழுத்துகிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதி. அதைக் கார் சக்கரத்துக்குக் கொண்டுவந்தவர் மால்கம் லாக்ஹீட். விமான நிறுவனத்துக்குப் பெயர் தந்த அதே குடும்பத்தவர். 1921இன் டூசன்பர்க் மாடல்-ஏ நான்கு சக்கரத்திலும் ஹைட்ராலிக் பிரேக்குடன் விற்பனைக்கு வந்தது. கிரைஸ்லர் 1924இலேயே இதற்கு மாறியது. செவ்ரோலே மாற 1936 ஆயிற்று.

குழாய்க்குள் அழுத்தம் இருக்கிறதே, அதையே விளக்குக்கும் பயன்படுத்தினால் என்ன? அந்த யோசனையில் பிறந்ததுதான் அழுத்தச் சுவிட்ச். மாஸ்டர் சிலிண்டரிலோ, பிரேக் குழாய்கள் கூடும் பித்தளைச் சந்திப்பிலோ அது திருகப்பட்டிருக்கும். உள்ளே ஒரு மெல்லிய டயாஃப்ரம். அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் மேல் ஓர் உலோகத் தட்டு. ஆயில் அழுத்தம் ஏறினால் டயாஃப்ரம் வளைந்து தட்டைத் தள்ளும், தட்டு இரண்டு முனைகளையும் இணைக்கும், விளக்கு எரியும். பெடல் பக்கத்தில் நெம்புகோலோ கம்பியோ எதுவும் வேண்டாம். தயாரிப்பாளருக்கு மலிவு, பொருத்துவதற்கு எளிது.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இந்தப் பொருள் அந்நியமாக இராது. மொறிஸ் மைனரில் இருப்பது லாக்ஹீட் வகை ஹைட்ராலிக் பிரேக்கும் இதே அழுத்தச் சுவிட்சும்தான். போர்க்காலத்தில் பெட்ரோல் தடை வந்தபோது மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை இன்றும் குடாநாட்டுத் தெருக்களில் காணலாம். பேர்ன் நகரத்துக் கராஜில் துணி மூடிக் கிடக்கும் மைனருக்கும் அவற்றுக்கும் வேண்டிய உதிரிப்பாகம் ஒன்றே.

இனி சிக்கலுக்கு வருவோம். அழுத்தச் சுவிட்ச் ‘கால் பெடலில் இருக்கிறது’ என்று சொல்வதில்லை. ‘குழாயில் இவ்வளவு அழுத்தம் ஏறிவிட்டது’ என்றுதான் சொல்கிறது. இரண்டும் வேறு வேறு சேதிகள். பழைய வகைச் சுவிட்சுகள் பெரும்பாலும் 4 முதல் 8 பார் அழுத்தத்துக்குள் இணைப்புத் தரும். பெடல் நெம்புகோல் விகிதம் 5, மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 19 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 3 கிலோ எடையளவு காலால் அழுத்தும்போது குழாயில் சுமார் 5 பார் ஏறும். 2 கிலோ அளவு மட்டும் அழுத்தினால் மூன்றரை பார். அதாவது, பெடலை மெல்லத் தொட்டு வேகத்தைக் குறைக்கும் ஓட்டுநரின் சுவிட்ச் விழிக்காமலே போகலாம்.

டிரம் பிரேக்கில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. பிரேக் ஷூவைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளை வென்ற பிறகே லைனிங் டிரம்மைத் தொடும். அதற்கே கொஞ்சம் அழுத்தம் வேண்டும். ஆக, விளக்கு எரியும் நேரமும் வண்டி வேகம் குறையத் தொடங்கும் நேரமும் ஓரளவு ஒத்துப்போயின. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாற்றிக்கொண்ட வண்டிகளில் கதை மாறுகிறது. டிஸ்க்கில் அப்படிப்பட்ட ஸ்பிரிங் இல்லை. மிகக் குறைந்த அழுத்தத்திலேயே பிடிக்கத் தொடங்கிவிடும். விளக்கு மட்டும் பழைய கணக்கில் காத்திருக்கும்.

இந்தத் தாமதம் எவ்வளவு முக்கியம்? சுவிட்சர்லாந்தில் ஊருக்கு வெளியே பொது வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். விநாடிக்கு 22 மீட்டர். விளக்கு அரை விநாடி தாமதமானால் பின்னால் வருபவர் 11 மீட்டர் தூரத்தை ஒன்றும் அறியாமல் கடந்துவிடுகிறார். பழைய இழை பல்பு முழு ஒளி பெற ஏறக்குறைய 0.2 விநாடி எடுத்துக்கொள்ளும். அதற்கு இன்னும் 4 மீட்டர்.

மலைப்பாதையில் இது கூர்மையாகிறது. கிளாவுசன் கணவாயை எடுத்துக்கொள்வோம். 1922 முதல் 1934 வரை லிந்தால் ஊரிலிருந்து 1948 மீட்டர் உயரக் கணவாய் வரை புகழ்பெற்ற மலையேற்றப் பந்தயம் நடந்த சாலை அது, 21.5 கிலோமீட்டரில் 1237 மீட்டர் ஏற்றம். ஏறுவதற்கு எஞ்சின் போதும். இறங்கும்போது 1200 கிலோ எடையுள்ள கார் இழக்கும் ஆற்றல் சுமார் 1.45 கோடி ஜூல்; 40 லிட்டருக்கு மேற்பட்ட குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான வெப்பம். அத்தனையையும் பிரேக் டிரம்முக்குள் கொட்டக் கூடாது என்பதால், அனுபவமுள்ளவர்கள் இரண்டாம் கியரில் எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்துவார்கள். அப்போது பிரேக் லைட் எரியாது. பின்னால் வரும் புதிய காரை எச்சரிக்க வளைவுக்கு முன் பெடலை லேசாகத் தட்டுவார்கள். அந்த லேசான தட்டலைத்தான் அழுத்தச் சுவிட்ச் கண்டுகொள்வதில்லை.

சரி, குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் சுவிட்ச் வாங்கிப் பொருத்திவிடலாமே? சந்தையில் அவையும் உண்டு. ஒன்றரை பார் அளவிலேயே இணைப்புத் தருபவை. ஆனால் பல டிரம் பிரேக் வண்டிகளில், காலை எடுத்த பிறகும் குழாயில் சிறிதளவு அழுத்தத்தை வேண்டுமென்றே பிடித்து வைக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. வீல் சிலிண்டர் ரப்பர் வழியே காற்று நுழையாமல் இருப்பதற்காக. அந்த மிச்ச அழுத்தம் முக்கால் பார் அளவில் நிற்கும். சுவிட்சின் எல்லை அதற்கு மிக அருகில் இருந்தால், காரை நிறுத்திவைத்த பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே தாராள இடைவெளி விட்டுத்தான் வாங்க வேண்டும்.

அழுத்தச் சுவிட்ச் மீது இன்னொரு புகார், புதிதாக வாங்குபவை சீக்கிரம் செத்துப்போகின்றன என்பது. இதில் உண்மை இருக்கிறது. காரணம் பெரும்பாலும் ஆயிலில் இல்லை, மின்சாரத்தில் இருக்கிறது. 21 வாட் பல்பு இரண்டு சேர்ந்து 42 வாட். 12 வோல்ட் காரில் அது மூன்றரை ஆம்பியர். 1960களின் பிற்பகுதி வரை வந்த 6 வோல்ட் பீட்டிலிலோ, 1956க்கு முந்தைய பிளிமத்திலோ 7 ஆம்பியர். குளிர்ந்த டங்ஸ்டன் இழைக்கு மின்தடை மிகக் குறைவு என்பதால், விளக்கு எரியும் முதல் கணத்தில் பாயும் மின்னோட்டம் இதைப்போல் பத்து மடங்கு வரை எகிறும். போதாக்குறைக்கு, இந்தச் சுவிட்சுகள் பலவற்றில் தட்டு ‘டக்’ என்று விலகுவதில்லை. காலை மெதுவாக எடுக்கும்போது மெதுவாகவே பிரிகிறது. அந்த மயிரிழை இடைவெளியில் தீப்பொறி தாவி முனையைத் தின்கிறது. வெள்ளி முனையில் படியும் ஆக்சைடு ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும். மலிவான பித்தளை, செம்பு முனைகளில் படிவது கடத்தாது. மலிவுச் சுவிட்ச் ஏன் சில மாதத்தில் கண்ணை மூடுகிறது என்பதற்கு இதுவே விடை.

மருந்து எளியது: ஒரு ரிலே. சுவிட்ச் வழியே ரிலேயின் சுருளுக்கு வேண்டிய 0.15 ஆம்பியர் அளவு மட்டும் போகும். பல்புக்கான மின்னோட்டத்தை ரிலே ஏற்றுக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை உண்டு. 1960களின் நடுப்பகுதி வரையிலான பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனைதான் வண்டி உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். உள்ளே டயோடு வைத்த நவீன ரிலேயை அந்த வண்டியில் முனை மாற்றிப் பொருத்தினால் டயோடே ஷார்ட் ஆகிவிடும். டயோடுக்குப் பதில் மின்தடை வைத்த ரிலே வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. எல்.இ.டி. பல்பு போட்டாலும் மின்னோட்டம் குறையும், விளக்கும் உடனே எரியும். ஆனால் பழைய விளக்குக் கூட்டுக்குள் எல்.இ.டி. வைப்பதற்கு முன் சோதனை நிலையத்தைக் கேட்டுவிடுவது நல்லது. ‘அசல் நிலை’ என்ற சொல்லுக்கு உரை எழுதுபவர் அங்கேதான் இருக்கிறார்.

டயாஃப்ரம் கிழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய சாட்சி அமெரிக்காவில் உண்டு. ஃபோர்டு கார்களில் பிரேக் மிதித்தால் க்ரூஸ் கன்ட்ரோலைத் துண்டிக்க, இதே தத்துவத்தில் இயங்கும் ஓர் அழுத்தச் சுவிட்ச் இருந்தது. அதன் மெல்லிய தடுப்புப் படலம் தேய்ந்து, பிரேக் ஆயில் மின்முனைகள் இருந்த பக்கம் கசிந்தது. சாவியை எடுத்த பிறகும் அந்த முனைகளில் மின்சாரம் இருந்ததால், நிறுத்திவைத்த கார்கள் தானாகத் தீப்பற்றின. 1999 முதல் 2009 வரை படிப்படியாகச் சுமார் 1.4 கோடி வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. பழைய அமெரிக்கக் கார்களிலும் பிரேக் லைட் சுற்றுக்குச் சாவி தேவைப்படாமல் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் வருவது வழக்கம். ஷின்ட்ஸ்நாக் பிளிமத் வைத்திருப்பவர் அந்தக் கம்பியில் ஃபியூஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

மாற்று வழி, பெடலையே பார்த்துக்கொண்டிருக்கும் இயந்திரச் சுவிட்ச். பெடல் நகர்ந்தால் எரியும், திரும்பினால் அணையும். லேசான தட்டலையும் விடாது. இதன் பெரிய பலம் விபத்து வேளையில் தெரியும். பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்ச் சுற்று. எங்காவது குழாய் வெடித்தால் பெடல் தரை வரை போகும், அழுத்தமே ஏறாது. அழுத்தச் சுவிட்ச் அப்போது வாயைத் திறக்காது. பிரேக் இல்லாமல் ஓடும் வண்டியின் பின்புறம் இருண்டிருப்பதைவிட மோசமான நிலை இல்லை. இயந்திரச் சுவிட்ச் அந்தக் கணத்திலும் விளக்கை எரிக்கும்.

அதற்கும் ஒரு பொறி இருக்கிறது. பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் இடையே சிறு தளர்வு, மெக்கானிக்குகள் சொல்லும் ‘ஃப்ரீ பிளே’, இருந்தாக வேண்டும். அப்போதுதான் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கி, ஆயில் மேலே உள்ள தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை திறந்திருக்கும். புதிதாகப் பொருத்திய சுவிட்ச் பெடலைச் சற்று முன்னே தள்ளி நிறுத்திவிட்டால் அந்தத் துளை அடைபடும். கிளாவுசன் இறக்கத்தில் ஆயில் சூடாகி விரியும்; போக இடமின்றிப் பிரேக்கைத் தானே பிடிக்கும்; பிடித்ததால் மேலும் சூடேறும். இந்தத் தருணத்தில் அழுத்தச் சுவிட்ச் ஓர் உண்மையைச் சொல்லும்: காலை எடுத்த பிறகும் விளக்கு எரிந்தால், குழாயில் அழுத்தம் சிக்கியிருக்கிறது என்று பொருள். இயந்திரச் சுவிட்சுக்கு இது தெரியவே தெரியாது.

விளக்கு எதைச் சொல்ல வேண்டும் என்ற கேள்வி பழைய கார்களோடு முடிந்துவிடவில்லை. ஜான் வோவோட்ஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் சான் பிரான்சிஸ்கோ டாக்ஸிகளின் பின்புறம் ஒரு மஞ்சள் விளக்கை வைத்தார். வேகம் எவ்வளவு கடுமையாகக் குறைகிறதோ அவ்வளவு விரைவாக அது மினுக்கியது. பின்னாலிருந்து மோதும் விபத்துகள் சுமார் 60 சதவீதம் குறைந்தன. இன்றைய மின்சாரக் கார்களுக்கான ஐ.நா. விதியும் இதே திசையில் போகிறது: பிரேக் பெடலைத் தொடாமலே, மின்மோட்டார் இழுத்து வண்டியின் வேகம் விநாடிக்கு விநாடி 1.3 மீட்டருக்கு மேல் குறைந்தால் விளக்கு எரிந்தே ஆக வேண்டும். கிளாவுசனில் முன்னே போகும் மின்சாரக் கார் பெடல் மிதிக்காமல் சிவந்து ஒளிர்வதும், பின்னே இரண்டாம் கியரில் இறங்கும் 1955 பியூக் விளக்கே எரியாமல் வருவதும் ஒரே சாலையில் நடக்கிறது.

அப்படியானால் எதை வாங்குவது? இரண்டையும் என்பதே சரியான விடை. அசல் அழுத்தச் சுவிட்ச் அதன் இடத்திலேயே இருக்கட்டும். பெடலுக்கு மேலே கண்ணில் படாத இடத்தில் ஓர் இயந்திரச் சுவிட்சைப் பக்க இணைப்பாகச் சேர்த்துவிட்டால், இரண்டில் எது முதலில் மூடினாலும் ரிலே இயங்கும். இது தூய்மைவாதிகளுக்குப் பிடிக்காது. ஆனால் ஃபோக்ஸ்வாகனே 1960களின் பிற்பகுதியில் இரட்டைச் சுற்றுப் பிரேக்குக்கு மாறியபோது ஒரே மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு சுவிட்சுகளைத் திருகியது. ஒரு சுற்று செத்தாலும் மற்றது விளக்கை எரிக்கட்டும் என்பதற்காக. வண்டியில் ஒரு துளைகூடப் போடாமல், பிற்பாடு கழற்றிவிடக்கூடிய பட்டை வைத்துப் பொருத்தினால் 180 என்ற எண்ணுக்கும் ஆபத்து வராது.

அழுத்தச் சுவிட்ச் வாங்கும்போது மரையைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பீட்டிலுக்கும் என்ஸ்மானுக்கும் 10 மில்லிமீட்டர் மெட்ரிக் கூம்பு மரை. அமெரிக்க வண்டிகளுக்கு அரைக்கால் அங்குல அமெரிக்கக் குழாய் மரை, அங்குலத்துக்கு 27 சுற்று. பிரிட்டிஷ் குழாய் மரை 28 சுற்று. 27ஐயும் 28ஐயும் கண்ணால் பிரித்தறிய முடியாது. தவறான சுவிட்ச் இரண்டு சுற்று இணக்கமாக ஏறிவிட்டுப் பிறகு இறுகும். இறுகியதும் பொருந்திவிட்டது என்று தோன்றும். பெடலை அழுத்தி மிதித்ததும் கசியும். கசிவை அடைக்க டெஃப்லான் நாடா சுற்றுவது இன்னொரு தவறு. நாடாவின் துணுக்கு ஒன்று பிய்ந்து உள்ளே போனால், மாஸ்டர் சிலிண்டரின் அந்தச் சிறு துளையை அடைக்க அதுவே போதும். பிற்காலச் சிட்ரோயன் டி.எஸ். போன்ற, பச்சைநிறக் கனிம ஆயிலில் ஓடும் வண்டிகளின் சுவிட்சை மற்றக் கார்களில் போடவே கூடாது. ஒன்றின் ரப்பர் மற்றதன் ஆயிலில் ஊறிப் பருத்துவிடும்.

பழைய சுவிட்ச் உண்மையில் கெட்டதா என்பதை மல்டிமீட்டரின் மின்தடை அளவு சரியாகச் சொல்லாது. மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மிகச் சிறிது. பெடலை மிதித்து விளக்கு எரியும்போது சுவிட்சின் இரு முனைகளுக்கிடையே வோல்டேஜ் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் முனைகள் கரிந்துவிட்டன. மாற்றும்போது ஆயில் சிந்தும். அது பெயின்டைக் கரைக்கும் என்பதால் கீழே துணி விரித்து, சிந்தியதை உடனே தண்ணீரால் கழுவ வேண்டும். பிறகு குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். முதல் மலைப் பயணத்துக்குப் பின் சுவிட்சின் கழுத்தைக் காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அதை மேலும் இறுக்காமல் மரையை மறுபடி சரிபாருங்கள். கழற்றிய அசல் சுவிட்சைக் குப்பையில் போட வேண்டாம். அடுத்த 6 ஆண்டுச் சோதனையில் ‘இங்கே முதலில் என்ன இருந்தது’ என்று பரிசோதகர் கேட்டால் எடுத்துக் காட்ட அது உதவும்.